வெளி மெக்கானிக்

ஜூன் 3, செவ்வாய்

பிச்சைக்கனி அண்ணாச்சியின் வண்டியைக் கெடுத்தது எங்கள் சர்வீஸ் சென்டர். கெடுத்துவிட்டு, 'வெளி மெக்கானிக் கை வைத்ததால் சேதம்' என்று ஜாப் கார்டில் எழுதியதும் எங்கள் சர்வீஸ் சென்டர். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை அவர் வண்டி சர்வீஸுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம் ரோட்டு வளைவில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தார். என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் நட்டு தளர்ந்து, ஆயில் மொத்தமும் பின் டயரில் இறங்கியிருக்கிறது. அவர் கிராமத்துக் கடைகளுக்கு முட்டை லைன் போடுகிறவர். கேரியரில் இருபத்து நாலு அட்டை முட்டை கட்டியிருந்தார். ரோட்டில் மஞ்சள் கருவும் ஆயிலும் சேர்ந்து ஓடியதில், தூக்கப் போனவர்களும் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்களாம். வண்டியை லோடு ஆட்டோவில் கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிச்சைக்கனி அண்ணாச்சிக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார்.

நட்டு இரும்பு. அது போய் உட்காரும் சேம்பர், அதாவது என்ஜினின் அடிக்கூடு, அலுமினியம். நட்டைக் கையால் நாலு சுற்றுப் போட்டு, பிறகு அளவு காட்டும் ரெஞ்சில் இறுக்க வேண்டும். அளவு மீறினால் அலுமினியத்தில் நட்டைப் பிடித்திருக்கும் திருகு வரியான மரை உருவிக்கொண்டு வந்துவிடும். ஐ.டி.ஐ.யில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பது. எங்கள் சுவரில் போர்டே இருக்கிறது: 'ஆயில் நட்டுக்கு ஏர் கன் பயன்படுத்தக் கூடாது.' அந்த போர்டுக்குக் கீழே உள்ள ஆணியில்தான், காற்றழுத்தத்தில் நட்டை நொடியில் இறுக்கும் ஏர் கன் தொங்குகிறது. ஆறு பேர் சேர்ந்து நாளைக்கு இருபத்தாறு வண்டி முடிக்க வேண்டும். கையால் இறுக்கினால் பதினெட்டைத் தாண்டாது. போர்டு கம்பெனிக்காரர்கள் பார்க்க. ஏர் கன் நாங்கள் பிழைக்க.

இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியை முதலில் தொட்டவரின் எண்தான் ஜாப் கார்டில் ஏறும். மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகும்போது ஆயில் வடித்த வண்டிகள் வரிசையாக நிற்கும். இன்சார்ஜ் சுடலைமணி அண்ணன் ஏர் கன்னோடு வந்து எல்லா நட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டுப் போவார். அன்றைக்கும் அப்படித்தான். ஆயிலை வடித்தது நான். நட்டை இறுக்கியது அவர். நான் சாப்பிடப் போயிருந்தேன். கார்டில் இருப்பது பதினேழு. அது என் எண்.

அவ்வளவுதான். யூனிபாரம் துவைக்க வேண்டும். மற்றது இன்னும் காயவில்லை.

ஜூன் 4, புதன்

இருபத்தேழு வண்டி. யாரும் பிச்சைக்கனி அண்ணாச்சி பேச்சை எடுக்கவில்லை. அவர் வண்டி பின்பக்கம் தண்ணீர் டேங்க் ஓரமாக நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வாசலில் என் படம் போட்ட பிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. 'எங்கள் பெண் மெக்கானிக், எங்கள் பெருமை.' மார்ச்சில் மகளிர் தினத்துக்கு வைத்தது. படத்தில் என் கையில் இருக்கும் ஸ்பேனர் எந்த நட்டுக்கும் சேராது. பளபளப்பாக இருக்கிறதென்று போட்டோகிராபர் எடுத்துக் கொடுத்தது.

ஜூன் 5, வியாழன்

வேலை முடிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பிச்சைக்கனி அண்ணாச்சி மாவுக்கட்டோடு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் முட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"வாம்மா மெக்கானிக்கு. வெறுங்கையோடயா வந்த?"

"அவசரத்துல வந்துட்டேன் அண்ணாச்சி."

"நல்லது. முட்டை கிட்டை வாங்கிட்டு வந்திருந்தன்னா விரட்டியிருப்பேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஒங்க ஆபீஸ்லருந்து போன் பண்ணாங்க. நான் வெளிய எவன்ட்டயோ வண்டியக் காமிச்சிட்டேனாம். சேம்பர் முழுசா மாத்தணுமாம், பதினோராயிரமாம், என் செலவாம். ஏம்மா, வண்டி எடுத்து ரெண்டு வருசம். ஒவ்வொரு சர்வீஸுக்கும் புக்குல சீல் இருக்கு. பஞ்சர்காரனத் தவிர ஒருத்தனத் தொட விட்டதில்ல."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியும்னா சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு. என்ட்ட சொல்லி என்ன?"

கிளம்பும்போது கூப்பிட்டார். "அன்னைக்கு நீதான சாவி குடுத்த? குனிஞ்சு என்ஜினுக்கு அடியில துணியால தொடச்சிட்டுக் குடுத்தியே. வீட்டுக்காரிட்ட அன்னைக்கே சொன்னேன், அந்தப் புள்ள அடிவரைக்கும் தொடச்சித் தருதுன்னு."

வார்டில் ஃபேன் ஓடவில்லை. சரியான புழுக்கம். ஏழு மணி பஸ்ஸில் வந்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். பிச்சைக்கனி அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபடியே சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஏரியா இன்ஜினியர் விசாரிக்க வருகிறார். இனி 'வெளி மெக்கானிக்' கதை எடுபடாது. உள்ளே இருந்து ஒரு ஆள் வேண்டும்.

டைப் செய்த தாள் தயாராக இருந்தது. 'எனது கவனக்குறைவினாலும் அனுபவமின்மையினாலும்' என்று ஆரம்பித்தது. கீழே என் பெயர், ரா. பேச்சித்தாய், எண் 17.

"கையெழுத்துப் போடு. ஒரு மாசம் வீட்ல இரு. பெறகு கூப்பிட்டு வாட்டர் வாஷ்ல போடுதேன்" என்றார்.

"நட்ட இறுக்குனது நான் இல்ல சார்."

"கார்டுல ஒன் நம்பர்தான இருக்கு?"

சுடலைமணி அண்ணன் கதவோரம் நின்று போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார்.

போடாவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடையாது. இந்த ஊரில் வேறு எந்த ஷோரூமும் என்னைச் சேர்க்காது. அதற்கு ஒரு போன் போதும் என்றார். பிறகு மேஜையில் இருந்த இரண்டு விண்ணப்பங்களை விரலால் தட்டினார். என் ஐ.டி.ஐ.யில் இந்த வருடம் முடித்த இரண்டு பெண்கள். "இதையும் யோசிக்கணும்ல? பொம்பளப் புள்ளைங்கள வச்சா இப்பிடித்தான் ஆகும்னு மொதலாளி இப்பவே சொல்லுதாரு."

போன வருடம் எடிசன் ஆயிலே ஊற்றாமல் ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினைக் கட்டையாக்கினான். ஆண்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பையனின் விண்ணப்பமும் ஓரமாகப் போகவில்லை. எடிசன் செய்தால் எடிசனின் தப்பு. நான் செய்தால் இந்த மாவட்டத்துப் பெண்கள் எல்லாருடைய தப்பு.

கையெழுத்துப் போடவில்லை. வெள்ளி வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார். போட்டால் வண்டி கழுவுகிறவள். போடாவிட்டால் ஒன்றுமில்லாதவள். மெக்கானிக் என்ற பெயர் எந்தப் பக்கமும் மிஞ்சாது.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் லீவு. இட்லிக்கு அரைத்துக்கொண்டே கேட்டாள்.

"கையெழுத்துத்தானட்டி கேக்காங்க, கிட்னியவா கேக்காங்க? போட்டுட்டு வேலயப் பாரு."

"செய்யாததுக்கு எதுக்கும்மா போடணும்?"

"நான் இருவது வருசமாச் செய்யாததுக்கெல்லாம் திட்டு வாங்குதேன். குச்சி ஈரமா வந்தாலும் நாந்தான் காரணம், மழ பெஞ்சாலும் நாந்தான் காரணம். செத்தா போனேன்?"

அம்மா சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. இருபது வருடமாகத் திட்டு வாங்கியவள், இருபது வருடமும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. மாவரைக்கிற கையைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நீ அதுல ஒண்ணுமே பண்ணலேல்லா?"

"கரண்டு போறதுக்குள்ள அரச்சு முடிம்மா" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

டீ குடிக்கும்போது எடிசனிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழம இன்ஜினியர் வரும்போது, சுடலைமணி அண்ணன் ஏர் கன் புடிச்சதப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுவியா?"

"தாயி, எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. ஆகஸ்ட்ல கல்யாணம்."

"கல்யாணத்த நிறுத்தவா சொன்னேன்?"

"வேல போச்சுன்னா அது தன்னால நிக்கும்." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவரு ஏர் கன் புடிச்சதப் பாத்தேன்னு சொன்னா, அதுக்கப்புறம் பாத்தது என்னன்னும் கேப்பாங்க. அதையும் சொல்லவா?"

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இன்று இருபத்து நாலு வண்டி. ஒரு வண்டிக்குச் செயின் கழற்றும்போது விரல் நசுங்கியது. நகம் கறுத்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

பிச்சைக்கனி அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோராயிரம் கொடுத்து சேம்பர் மாற்ற முடியாது என்று சொல்லி வண்டியையும் எடுத்துப் போய்விட்டார். மச்சினனை வைத்து லைன் ஓட்டலாம் என்றால் வண்டி ஓடாது. பத்து நாளாகக் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் முட்டை வாங்குகிறார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் லைனே கைவிட்டுப் போய்விடும் என்று போனில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சேம்பர் மாற்றத் தேவையே இல்லை. அழிந்த மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, உள்ளே எஃகுக் கம்பிச்சுருள் ஒன்றை மரையாகப் பதித்துவிட்டால் பழைய நட்டின் அளவே திரும்ப ஏறும். முதலில் இருந்த அலுமினிய மரையைவிட உறுதியாக இருக்கும். ஒரு மணி நேர வேலை. சேம்பரை மாற்றினால்தான் பில் பெரிதாக வரும் என்பதால் எங்கள் இடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஜூன் 11, புதன்

லேத் பட்டறையில் மரை வெட்டும் கிட் கேட்டு வாங்கிவிட்டேன். நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் என்று.

ஜூன் 12, வியாழன்

காலை எட்டு மணிக்கே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் வேப்பமர நிழலில் வண்டியைப் பழைய சாக்கின் மேல் பக்கவாட்டில் சாய்த்தோம். அவர் ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

நட்டு ஸ்பேனர் இல்லாமலே விரலோடு வந்தது. அதில் கறுத்துப்போன வெள்ளை டேப் சுற்றியிருந்தது. குழாய் ஒழுகினால் சுற்றுவார்களே, அது. டேப்புக்கு நடுவே அலுமினிய மரை சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா? பைப்புக்குச் சுத்துறதுல்லா?"

நட்டை மடக்கி கைக்குள் வைத்துக்கொள்ள எனக்கு இரண்டு நொடி இருந்தது. வைத்துக்கொள்ளவில்லை.

"நாந்தான் சுத்துனேன் அண்ணாச்சி."

மீதியையும் நானே சொன்னேன். சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது நட்டு ஆடியது. கழற்றினால் மரை கையோடு வந்தது. சுடலைமணி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மூணு சுத்து டேப்பப் போட்டு விடு தாயி, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். போட்டு விட்டேன். சாவி கொடுக்கும்போது ஒரு சொட்டு தொங்கியது. துடைத்தேன்.

"ஏன் என்ட்ட சொல்லல?"

"அடுத்த மாசம் பெர்மனென்ட் பண்ணுதோம்னு அன்னைக்குக் காலையிலதான் சொல்லியிருந்தாங்க."

வீட்டுக்குள் பிள்ளைகள் சத்தம் கேட்டது. அவர் மாவுக்கட்டின் ஓரத்தைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப ரெண்டு பேருஞ் சேந்துதான் என்ன விழத்தாட்டியிருக்கீங்க."

"ஆமா அண்ணாச்சி."

"அவன் கெடுத்தான். நீ மூடுன." எச்சில் துப்பிவிட்டு வந்தார். "சரி, வேலயப் பாரு. வெயிலு ஏறுது."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பினேன். துகள் என்ஜினுக்குள் போகாமல் அதில் ஒட்டும். முதல் சுற்றுதான் எல்லாம். ஒரு இழை சாய்ந்து ஏறினாலும் சேம்பர் நிஜமாகவே குப்பைக்குப் போகும்; இரண்டாம் முறையும் நானே கெடுத்தவளாவேன். மண்ணில் காதை வைத்துப் படுத்து, கருவியின் வாட்டத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தேன். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி கிரீஸ். அரை முன்னால், கால் பின்னால். கறுத்த நகத்தில் வலி தெறித்தது. ஏர் கன்னில் இது நாலு நொடி. கையில் நாற்பது நிமிடம்.

வெட்டி முடித்ததும் மேலே இருந்து அரை லிட்டர் மலிவு ஆயிலை ஊற்றி அலசினேன். வெள்ளித்தூள் வந்தது. மறுபடி ஊற்றினேன். மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. கம்பிச்சுருளைத் திருகி உள்ளே இறக்கி, அதன் வாலை ஒடித்து எடுத்தேன். புது வாஷர், புது நட்டு. விரலால் கடைசி வரை போனது, எங்கும் திக்கவில்லை. அளவு ரெஞ்ச் 'டிக்' என்று சொன்னதும் கையை எடுத்துவிட்டேன்.

ஆயில் ஊற்றி, அடியில் நியூஸ்பேப்பர் விரித்து, பத்து நிமிடம் ஓடவிட்டோம். பிறகு நிறுத்தி அரை மணி நேரம் பார்த்தோம். அண்ணாச்சி குனிந்து பேப்பரைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"நாளைக்கு வாரேன் ஒங்க ஆபீஸுக்கு" என்றார்.

பழைய நட்டை டேப்போடு கவரில் போட்டு எடுத்து வந்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

ஏரியா இன்ஜினியருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். மேனேஜர், சுடலைமணி அண்ணன், நான், பிச்சைக்கனி அண்ணாச்சி.

"வண்டி எங்க?" என்றார் இன்ஜினியர்.

"வாசல்ல நிக்கு. மச்சினன் ஓட்டிட்டு வந்தான்" என்றார் அண்ணாச்சி.

"ஓட்டிட்டா? யார் ரிப்பேர் பண்ணாங்க?"

"நாந்தான் சார். நேத்து" என்றேன்.

மேனேஜரின் முகம் மலர்ந்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. "காய்ச்சல்னு லீவு போட்டுட்டு கஸ்டமர் வீட்ல போய் வண்டியப் பிரிச்சிருக்கா சார். வெளி வேல. ரூல்படி வாரண்டியும் போச்சு, இவ வேலையும் போச்சு." என் பக்கம் திரும்பினார். "வெளி மெக்கானிக் கை வச்சதுன்னு எழுதுனோம், பொய்யின்னீங்க. இப்ப உண்மையாயிருச்சா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. வண்டி ஓட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அவர்கள் கற்பனை செய்து வைத்திருந்த ஆளின் இடத்தில் நானே நடந்து போய் நின்றுவிட்டேன்.

பிச்சைக்கனி அண்ணாச்சிதான் பேசினார். "குடுக்காத வாரண்டி போனா எனக்கென்ன வே? என் புகாரு, நான் விழுந்த அன்னைக்கு நடந்ததுக்கு. நேத்து நடந்ததுக்கு இல்ல."

நான் கவரைப் பிரித்து நட்டை மேஜையில் வைத்தேன். மேனேஜர் டைப் செய்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினேன்.

'மே 29 அன்று நட்டில் மரை உருவி வந்ததைப் பார்த்தவள் நான். டேப் சுற்றி நட்டைப் போட்டவள் நான். ஒழுகியதைத் துடைத்துவிட்டுச் சாவி கொடுத்தவள் நான். வாடிக்கையாளரிடம் மறைத்தேன். மரையை அழித்தது நான் இல்லை.' கையெழுத்துப் போட்டேன்.

இன்ஜினியர் படித்தார். "இது போதும். புகாரை க்ளோஸ் பண்ண ஒரு பேர் இருந்தாப் போதும்."

"மரைய அழிச்சது நான் இல்லன்னு கடைசி வரியில இருக்கே சார். அப்ப யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் லேப்டாப்பை மூடினார். மூன்றரை ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். மேனேஜர் என் அடையாள அட்டையைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். வெளியே வந்தபோது இரண்டு பேர் ஏணி போட்டு பிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வேகமாக இங்கே எந்த வண்டியையும் முடித்து நான் பார்த்ததில்லை.

பிச்சைக்கனி அண்ணாச்சி மச்சினன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "எங்க வாசல்ல வச்சு நீ பாத்த வேல நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக நான் ஒனக்குக் கடன்பட்டிருக்கேன்னு நெனச்சிக்கிடாத. எனக்குப் பதில் சொல்ல வேண்டியவன் இன்னும் உள்ளதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 14, சனி

காலை எட்டே முக்காலுக்கு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சுடிதாரில். வாட்ச்மேன் தடுக்கவில்லை, சம்பளக் கணக்கு வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தினமும் அந்த நேரத்துக்கு எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். சுடலைமணி அண்ணன் முன்னால் நின்று உறுதிமொழி வாசிப்பார். 'வாடிக்கையாளரின் பாதுகாப்பே என் பொறுப்பு. என் வேலைக்கு நானே சாட்சி.' நாங்கள் திருப்பிச் சொல்வோம். கடைசியில், "யாருக்காவது எதும் கேக்கணுமா?" என்பார். ஒன்றரை வருடத்தில் ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

இன்று வரிசையின் கடைசியில், எடிசனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எடிசன் அரையடி நகர்ந்தான். உறுதிமொழியை எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். சுடலைமணி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"யாருக்காவது எதும் கேக்கணுமா?"

நான் கையைத் தூக்கினேன்.

"அண்ணே, மே இருவத்தொம்பதாம் தேதி மத்தியானம் பிச்சைக்கனி அண்ணாச்சி வண்டி நட்ட ஏர் கன் வச்சு இறுக்குனது யாரு? பேரச் சொல்லுங்க."

வாட்டர் வாஷில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் கையை இறக்கவில்லை.

"ஒங்க எல்லார் முன்னாலயும் கேக்கேன். சொல்லுங்கண்ணே, யாரு?"